யாளி, மகரம், கீர்த்திமுகம்: உடல் வேறுபாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கோயில் சுதை வேலை செய்பவர்களும், திருப்பணிச் சபையினரும், சித்திரம் படிக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். இந்த மிருகங்கள் காட்டில் இல்லை. கல்லிலும் மரத்திலும் சீமெந்திலும்தான் வாழ்கின்றன. ஆகவே இவற்றின் உடலைத் தீர்மானிப்பது இவை நிற்கும் இடம். தூண், அடித்தளம், படிக்கட்டு, திருவாசி (மூர்த்தியைச் சுற்றி நிற்கும் வளைவு), கோபுர உச்சி என்று இடம் மாறும்போது காலும் வாலும் வாயும் மாறும். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பல கேள்விகளுக்குப் பதிலை நீங்களே சொல்லிவிடலாம்.

யாளி, மகரம், கீர்த்திமுகம் மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது?

தலையை முதலில் பார்க்காதீர்கள். பிதுங்கிய கண், கோரைப்பல், சுருள் பிடரி மூன்றிலும் உண்டு. தலையை மட்டும் பார்ப்பவர் குழம்பத்தான் செய்வார். உடலைப் பாருங்கள். நான்கு கால், ஒடுங்கிய இடை, முதுகுக்கு மேல் வளைந்த வால் இருந்தால் யாளி. உடல் மீனாகவோ முதலையாகவோ நீண்டு, பின்பகுதி இலைக்கொடியாகச் சுருண்டு போனால் மகரம். உடலே இல்லாமல் நேரே நம்மைப் பார்க்கும் முகம் மட்டும் இருந்தால் கீர்த்திமுகம்.

உடல் தெரியாத இடங்களும் உண்டு. திருவாசியின் கால் பகுதியில் மகரத்தின் தலை மட்டுமே துருத்திக்கொண்டிருக்கும். அங்கே திசையைப் பாருங்கள். மகரத்தைப் பெரும்பாலும் பக்கவாட்டில் காட்டுவார்கள், ஒரு கண்தான் தெரியும். கீர்த்திமுகம் எப்போதும் நேர்முகம், இரண்டு கண்ணும் தெரியும்.

யாளியை ‘டிராகன்’ என்று சொல்லலாமா?

பிள்ளைகளுக்கு முதல்முறை அறிமுகம் செய்யும்போது சொல்வதில் பிழையில்லை. வரையும்போது அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும். ஐரோப்பிய டிராகனுக்கு வௌவால் இறக்கையும் பல்லி உடலும் உண்டு, வாயால் நெருப்புக் கக்கும். சீன டிராகனுக்குப் பாம்புபோல நீண்ட உடல், மான் கொம்பு, மீன் செதில், நான்கு குட்டைக் கால்கள்; இறக்கை இருக்காது. சீன அரசர்க்குரிய டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகங்கள். யாளி இந்த இரண்டிலும் சேராது. அது பாலூட்டி உடல் கொண்டது, செதில் கிடையாது. நம் மரபில் டிராகனுக்குக் கிட்ட வருவது மகரம்தான். நீர், செதில், நீண்ட தாடை, சுருண்ட வால் எல்லாம் அதனிடம் இருக்கின்றன.

தமிழில் யாளி மிகப் பழையது, ஆளி என்பது அதன் பழைய பெயர். சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் இரவில் மலைவழியே வருபவன் எதிர்கொள்ளக்கூடிய கொடிய விலங்குகளைச் சொல்லும் இடத்தில் ‘உழுவையும் ஆளியும் உளியமும்’ என்று புலிக்கும் கரடிக்கும் நடுவில் ஆளி நிற்கிறது. சங்கப் புலவர்கள் அதை யானையை வெல்லும் விலங்காகப் பாடினார்கள். யாளித் தூண்களில் காலடியில் யானை சிறிதாகக் காட்டப்படுவதற்கு வேர் அங்கேயே இருக்கிறது.

யாளியில் எத்தனை வகை?

வடமொழிச் சிற்ப நூல்கள் சில 16 வகை வரை பட்டியலிடுகின்றன. கிளித்தலை, பன்றித்தலை, குரங்குத்தலை எல்லாம் அதில் வரும். தென்னாட்டுக் கோயில்களிலும் நம் பக்கத்திலும் வேலைக்கு வேண்டியவை சிலவே. எல்லாவற்றுக்கும் உடல் சிங்கத்தினுடையது. தலைதான் வகையைச் சொல்லும்.

சிம்ம யாளிக்கு அகன்ற முகம், குட்டை மூக்கு, உருண்டைக் கண், கன்னத்தை மூடும் பிடரி. அதிகம் காணப்படுவது இதுவே. மேல்வரிசைக் கோரைப்பல் இரண்டும் உதட்டுக்கு வெளியே வரும்.

கஜ யாளிக்குத் துதிக்கையும் தந்தமும் உண்டு. ஆனால் காது யானைக் காதாக விரியாது. சிறிதாக, நுனி கூர்ந்து, பின்னோக்கி மடிந்திருக்கும். யானைக் காதை அப்படியே வைத்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது சிங்க உடல் கொண்ட யானையாகவே படும், யாளியின் சீற்றம் போய்விடும். நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அம்பாறைப் பக்கம் யானையைக் கண்ணால் பார்த்து வரைகிற வாய்ப்பு நிறைய. ஆனால் இலங்கை யானைகளில் தந்தமுள்ள ஆண்கள் மிகக் குறைவு. கண்டதை அப்படியே வரைந்தால் தந்தமில்லாத கஜ யாளி வந்துவிடும். தந்தம் கட்டாயம் வேண்டும். அது கீழே இறங்கி, முன்னே வந்து, நுனியில் மேல்நோக்கி வளைய வேண்டும். துதிக்கை நுனியில் ஒரு விரல் மட்டும் வையுங்கள். ஆசிய யானைக்கு ஒன்று, ஆபிரிக்க யானைக்குத்தான் இரண்டு.

அசுவ யாளிக்கு நீண்ட குதிரை முகம், நிமிர்ந்த காது, கழுத்தோடு ஒட்டி விழும் பிடரி. பாதம் மட்டும் குளம்பாக இருக்கக் கூடாது, நகமுள்ள சிங்கப் பாதமாகவே இருக்க வேண்டும். குளம்பு வைத்தால் அது குதிரைத் தூண். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் வீரர்கள் ஏறிப் பாயும் உருவங்கள் குதிரைகள். அவற்றை யாளி என்று எழுதுவது சரியல்ல.

மனித முகமுள்ள நர யாளி, நாய்முக யாளி முதலியவை அபூர்வம். புதிதாகக் கட்டும் கோயிலில் இவற்றை வைப்பதாயின் உங்கள் சிற்பாசாரியாரோடு பேசி, தகுந்த இடம் பார்த்தே வைக்க வேண்டும்.

சிங்கத்துக்கும் சிம்ம யாளிக்கும் என்ன வேறுபாடு?

மூன்று அடையாளங்கள் போதும். புருவ எலும்புக்கு மேல் கொம்போ சுருளோ எழும்பியிருக்கும். கண் குழிக்குள் இராது, முட்டையின் பாதிபோல வெளியே நிற்கும். வாயிலிருந்து ஏதாவது வெளிவரும்: நாக்கு, கொடி, அல்லது சிறு துதிக்கை. இவை ஒன்றுமே இல்லையென்றால் அதைச் சிங்கம் என்று சொல்லுங்கள். மாமல்லபுரத்துப் பல்லவர் தூண்களின் அடியில் உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் சிங்கத்துக்கு நெருக்கமானவை. விஜயநகர, நாயக்கர் காலத்துத் தூண்களில்தான் கொம்பும் துதிக்கையும் ஓங்கி, உருவம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தது.

ஒரே கோயிலில் யாளியின் உடல் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்?

நாம் அதிகம் அக்கறைப்படும் கேள்வி இது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் கட்டிடக் காரணம் உண்டு.

தூண் யாளி பின்காலில் எழுந்து நிற்கும். தூண் செங்குத்தானது, உடலும் செங்குத்தாக வேண்டும். முன்கால்கள் மார்போடு மடிந்திருக்கும் அல்லது காலடி யானையின் துதிக்கையைப் பிடித்திருக்கும். அந்த யானை அழகுக்கு மட்டும் வந்ததன்று. முன்னே துருத்தும் துதிக்கைக்கும் முன்காலுக்கும் கீழிருந்து தாங்கு கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டு யாளியை மட்டும் சீமெந்தில் செய்தவர்கள் துதிக்கை முறிந்து விழுந்த பிறகே காரணத்தை உணர்கிறார்கள்.

ஐந்தடி உயரத் தூண் யாளிக்கு நாம் பரிந்துரைக்கும் பங்கீடு: தலை 15 அங்குலம், கழுத்தும் மார்பும் 15, வயிறும் இடையும் 12, பின்கால் 18. தலை இயற்கைச் சிங்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும், தெரியத்தான் வேண்டும். கீழிருந்து பார்ப்பவர்க்கு மேலே உள்ளது சுருங்கித் தெரிவதால் தலையைச் சிறிதாக்கினால் உருவம் பூனையளவாகிவிடும்.

அடித்தளத்து யாளி வரியில் வருபவை ஒரு முழம்கூட உயரமில்லாதவை. நீளவாக்கில் வரிசையாக நடக்கும். கால் குட்டை, வால் பின்னால் வருவதன் தலைக்கு மேல் மடியும். பல இடங்களில் முன்பாதி மட்டுமே வெளியே எட்டிப் பார்க்கும். தரையிலிருந்து மழைச்சேறு தெறிக்கும் உயரம் இது. ஆகவே ஆழமான குடைவுகளைத் தவிருங்கள். மார்கழி மழையில் குடைவுக்குள் சேறு தங்கி, பாசி பிடித்து, அடுத்த வருடம் முகமே தெரியாமல் போகும்.

படிக்கட்டில் வருவது சுருள்யாளி. யாளியின் வாயிலிருந்து இறங்கும் துதிக்கையே படியின் கைபிடிச் சுவராகி, அடியில் சுருண்டு முடியும். இங்கே உடல் ஒரு சாட்டுத்தான், துதிக்கைதான் முழு வேலை. கைபிடியின் சாய்வு படியின் சாய்வோடு ஒத்துப் போக வேண்டும். படி 6 அங்குல உயரம், 12 அங்குல அகலம் என்றால் கைபிடியும் அடிக்கு அரையடி இறங்கட்டும். சுருளைப் படியின் கடைசி விளிம்பைத் தாண்டி விடாதீர்கள். திருவிழா நாளில் கூட்டத்தில் கால் தட்டி விழுவார்கள்.

கோபுர உச்சியில், வண்டிக் கூண்டுபோல நீண்டு வளைந்த ‘சாலை’ வடிவக் கூரையின் இரு முனைகளிலும் பெரிய முகம் இருக்கும். ஊரில் அதையும் யாளி முகம் என்றே சொல்வார்கள். உடல் இல்லாத நேர்முகம் என்பதால் அது கீர்த்திமுகத்தின் இனத்தில் சேரும்.

வாய்க்குள் உருளும் கல் உருண்டையை எப்படிச் செய்தார்கள்? சீமெந்தில் முடியுமா?

கல்லில் உருண்டையும் வாயும் ஒரே பாறை. பல்லிடுக்கு வழியாக உளியை விட்டு, உருண்டையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, கடைசியில்தான் அதைப் பிரித்தெடுப்பார்கள். அதனால்தான் உருளும், வெளியே வராது.

சீமெந்தில் வழி வேறு. உருண்டையை முதலில் தனியாக வார்த்து ஒரு வாரம் நனைத்து வையுங்கள். 4 அங்குல விட்டம் என்றால் பல்லிடுக்கு எங்கும் 3 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கீழ்த்தாடையையும் கன்னத்தையும் முடித்து, அவை இறுகிய பிறகு உருண்டையைப் பொலித்தீன் தாளில் சுற்றி உள்ளே வையுங்கள். அதன்பிறகே முன்பற்களைக் கட்டுங்கள். பல் இறுகியதும் தாளை இழுத்தெடுத்துவிடலாம். தாள் சுற்றாமல் வைத்தால் பல் சாந்து உருண்டையில் ஒட்டி, இரண்டும் ஒன்றாகிவிடும்.

மகரத்தின் உடலில் எந்தெந்த உயிர்கள் சேர்ந்திருக்கின்றன?

இலங்கை மரபில் சொல்லும் சேர்க்கை இது: யானையின் துதிக்கை, முதலையின் தாடையும் பல்லும், குரங்கின் கண், பன்றியின் காது, மீனின் உடல், சிங்கத்தின் பாதம், மயிலின் அல்லது அன்னத்தின் தோகை. தமிழகச் சோழர் வேலையில் கால் பெரும்பாலும் முன்னிரண்டு மட்டும், அல்லது காலே இராது. வால் முழுக்க இலைக்கொடியாகிவிடும்.

இந்த ஏழையும் தனித்தனியே வரைந்து ஒட்டினால் மகரம் உயிர்பெறாது. ஒட்டுகளில்தான் கவனம் வேண்டும். துதிக்கை மேலுதட்டின் தொடர்ச்சியாக வர வேண்டும், மூக்கின் மேல் ஒட்டக் கூடாது. செதில் கழுத்தில் திடீரென்று தொடங்கக் கூடாது. கன்னத்துக்குப் பின்னால் சிறிய செதிலாகத் தொடங்கி நடுவுடலில் பெருத்து, வாலுக்குப் போகப் போக மீண்டும் சிறுக்கட்டும். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் இடைவெளியில் வர வேண்டும். செதிலின் திறந்த பக்கம் வாலை நோக்கும். இதைத் திருப்பிப் போட்டவர்கள் பலர், மீன் சுரண்டுகிற வீட்டில் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பல்லுக்கு முதலையைப் பாருங்கள். முதலை வாயை மூடினாலும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் வெளியே தெரியும், கீழ்த்தாடையின் நான்காவது பல் நன்றாக எடுத்துக்காட்டும். மகரத்தின் தாடையிலும் ஒரு பல்லை இப்படிப் பெரிதாக வைத்தால் முகத்துக்கு வலு வரும். எல்லாப் பல்லும் ஒரே அளவென்றால் வாள் அறுப்பது போலத்தான் தெரியும்.

மகரத்தை எங்கெல்லாம் வைப்பார்கள்?

நீரோடு சேர்ந்த இடம் முதலாவது. வருணனுக்கும் கங்கைக்கும் அது ஊர்தி. அபிஷேக நீர் வெளியேறும் கோமுகையின் வாயில் மகரத் தலை வருவது இதனால் பொருந்தும். திருவாசியில் இரு கால்களிலும் மகரம், உச்சியில் கீர்த்திமுகம். மகர வாயிலிருந்தே சுடரோ கொடியோ புறப்பட்டு மேலே போகும். நடராசர் வெண்கலத்தைச் சுற்றிய வளையத்திலும் இதைக் காணலாம். மகரங்கள் உள்நோக்கியும் செய்வதுண்டு, வெளிநோக்கியும் செய்வதுண்டு. இரண்டும் ஒரே பக்கம் பார்க்க மட்டும் கூடாது.

இலங்கையின் பழைய பௌத்த கட்டிடங்களில் படிக்கட்டின் கைபிடிக் கல்லில் மகரம் வரும். மேலே தலை, வாயிலிருந்து இறங்கும் நீள்பட்டையே கைபிடி, அடியில் சுருள். அமைப்பில் இது சுருள்யாளிக்கு உடன்பிறப்பு. அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பார்க்கலாம். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரம். சித்திரம் படிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் அளவுநாடாவும் கட்டம் போட்ட தாளும் கையில் கொடுத்து அனுப்புங்கள். தொடுவதற்கோ ஏறுவதற்கோ அனுமதி இல்லை.

திருவாசி வரையும்போது இரு பக்கமும் ஒத்து வருவதில்லை. என்ன செய்வது?

பாதி மட்டும் வரையுங்கள். தாளை நடுவில் மடித்து, மடிப்புக் கோட்டில் கீர்த்திமுகத்தின் மூக்கு வருமாறு வைத்து, ஒரு பக்கத்தை முடியுங்கள். பிறகு மடித்து அழுத்தி மறுபக்கம் எடுக்கலாம். மூன்றடி அகலத் திருவாசிக்கு மகரத் தலை 7 முதல் 8 அங்குல நீளம், மேலே முகம் 6 அங்குலம் பொருந்தும். மேல் முகம் மகரத் தலையைவிடப் பெரிதானால் மூர்த்தியின் தலைக்கு மேல் பாரம் ஏறியது போல இருக்கும். அப்படி வந்த திருவாசிகள் சுவாமியின் முகத்தையே மறைத்துவிடுகின்றன. அது மனதுக்குக் கஷ்டமான காட்சி.

கீர்த்திமுகத்துக்குக் கீழ்த்தாடை ஏன் இல்லை?

புராணக் கதையில் ராகுவை விழுங்கச் சிவன் படைத்த பூதம் அது. ராகு அடைக்கலம் கேட்டுத் தப்பியதும் பசி தாங்காமல் இறைவன் ஆணைப்படி தன் உடலையே தின்று முகம் மட்டும் மிஞ்சியது. தின்று முடித்த வாயிலிருந்து மாலையோ முத்துச்சரமோ வழியும்படி செய்வார்கள். அதற்கு இடம் விடத்தான் கீழ்த்தாடை போகிறது. மேல்வரிசைப் பல் முழுதும் தெரியட்டும். பக்கத்தில் சிறு கைகள் இரண்டு வருவதும் உண்டு.

ஆண் யாளி, பெண் யாளி என்று உண்டா?

வாசலின் இரு பக்கமும் நிற்கும் யாளிகள் கண்ணாடியில் தெரிவதுபோல ஒன்றையொன்று ஒத்தவை, ஆணும் பெண்ணும் அல்ல. சீனக் காவற் சிங்கங்களில்தான் ஆணின் காலடியில் பந்தும் பெண்ணின் காலடியில் குட்டியும் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துக் கோயில் வாசலில் குட்டியோடு யாளி செய்ய வேண்டாம்.

இறக்கை வைக்கலாமா?

யாளிக்கு வேண்டாம். தோளில் சுடர்போல எழும்பும் சுருள்கள் இறக்கை அல்ல, பிடரியின் தொடர்ச்சி. இறக்கையுள்ள சிங்கமுக உருவம் வேண்டுமென்றால் அது சரபம். அதற்குச் சிங்க முகம், பறவை இறக்கை, எட்டுக் கால். அதன் கதையும் வழிபாடும் வேறு. அலங்காரத்துக்காக அதைக் கலக்கக் கூடாது.

வீணையின் நுனியில் உள்ள தலை எந்த வகை?

யாளிதான். ஆனால் வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் முடிவில் கீழ்நோக்கி வளைந்து நிற்பதால் அதன் உடல்மொழி மாறுகிறது. நெற்றி நீண்டு, கழுத்து முழுதும் பிடரியாகி, வாய் தரையைப் பார்க்கும். தூண் யாளியின் படத்தைக் கொடுத்து மரத்தச்சரிடம் செய்யச் சொன்னால் நாக்கும் தந்தமும் நீளமாக வந்து, வீணையைக் கீழே வைக்கும்போது முதலில் உடையும். கோரைப்பல் கால் அங்குலத்துக்கு மேல் துருத்தாமல், மரத்தின் நார் ஓடும் திசையிலேயே வெட்டச் சொல்லுங்கள். நாருக்குக் குறுக்கே நிற்கும் பல் பலா மரத்திலும் நிலைக்காது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் பழைய யாழ்களின் வடிவத்தையும் சுருதியையும் ஆராய்ந்து 1947இல் யாழ் நூல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவற்றுள் மகர யாழும் ஒன்று. இந்த மிருகங்கள் இசைக்கருவியிலும் குடியிருப்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடக் கிட்டிய வழி இல்லை.

சீமெந்தில் மூன்றடி யாளி செய்ய என்ன வேண்டும்? எந்த ஒழுங்கில் செய்வது?

முதுகுத்தண்டுக்கும் கால்களுக்கும் 10 மில்லிமீற்றர் கம்பி, துதிக்கைக்கும் வாலுக்கும் 6 மில்லிமீற்றர், கட்டுக்கம்பி, துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கோழிவலை இரண்டு சுற்று. துதிக்கைக் கம்பியைத் தலையில் கட்டி நிறுத்தாதீர்கள். தலைக்குள் போய்க் கழுத்துக் கம்பியோடு ஓர் அடியாவது சேர்ந்து ஓடட்டும்.

நடுவில் செங்கல் துண்டும் சாந்தும் நிரப்புங்கள். முதற்பூச்சு சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று, அரை அங்குலத் தடிப்பு. ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். மறுநாள் இரண்டாம் பூச்சில் சதையும் எலும்பும் எழும்பட்டும். அதற்கடுத்த நாள் அரித்த நுண்மணலில் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து, கால் அங்குலத்துக்கு மேற்படாமல் போட்டு, பிடரியும் செதிலும் கண்ணிமையும் வெட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் கையாளக்கூடிய அளவு சாந்தையே குழைக்க வேண்டும். இறுகத் தொடங்கியதற்குத் தண்ணீர் விட்டு மீண்டும் குழைத்தால் வலு போய்விடும்.

கம்பிக்கு மேல் எங்கும் ஓர் அங்குலச் சாந்தாவது மூடியிருக்க வேண்டும். மெல்லியதாக இருப்பதால் காது, வால் நுனி, தந்தம் ஆகிய மூன்றிலும்தான் இது தவறும். அந்த இடங்களில் கம்பியை நுனி வரை விடாமல் இரண்டு அங்குலம் முன்பே மடித்து முடியுங்கள்.

கடற்கரை மணல் எந்த வேலைக்கும் ஆகாது, உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஆற்று மணலிலும் சேறு இருக்கிறதா என்று பாருங்கள். போத்தலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி இரவு முழுவதும் வையுங்கள். மேலே படியும் சேற்றுப் படை தடிப்பாக இருந்தால் கழுவிப் பாவியுங்கள். வாவிக்கரைக் கிணற்று நீர் கோடையில் உவர்த்துப் போகும். குழைக்கவும் நனைக்கவும் குடிக்கக்கூடிய நீரே வேண்டும்.

செய்து ஒரு வருடத்தில் வெடிக்கிறது. காரணம் என்ன?

வெடிப்பின் வடிவமே காரணத்தைக் காட்டும். மேற்பரப்பில் மயிரிழைபோல வலைப்பின்னலாக இருந்தால் பூச்சு வேகமாகக் காய்ந்திருக்கிறது. ஆனி, ஆடி, ஆவணியில் வீசும் கச்சான் காற்று இதில் மோசமானது, காலையில் பூசியதை மதியத்துக்குள் உறிஞ்சிவிடும். அந்தக் காலத்தில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் காற்றுப் பக்கம் கிடுகு கட்டுங்கள், பூச்சு முடிந்ததும் ஈரச் சாக்கால் மூடுங்கள், ஏழு நாளாவது காய விடாமல் நனையுங்கள். வாடை மழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்கள் வசதியானவை.

வெடிப்பு ஒரே கோடாக, துதிக்கை அல்லது கால் நீளத்துக்கு ஓடி, செம்பழுப்புக் கறை வடிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துருவாகும்போது இரும்பு பருத்துச் சாந்தைப் பிளக்கும். மேலே சீமெந்து தேய்த்து மூடுவதால் பயனில்லை. அடுத்த மழைக்குள் மீண்டும் திறக்கும். துரு முடியும் இடம் வரை சாந்தை உடைத்தெடுத்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதியது கட்டி, அதன்பிறகே பூச வேண்டும்.

கழுத்தைச் சுற்றி வளையமாக வெடித்தால் தலையும் உடலும் வெவ்வேறு நாளில் செய்யப்பட்டு ஒட்டுப் பிடிக்கவில்லை. பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல், நனைக்காமல், சீமெந்துப் பால் தடவாமல் புதுச் சாந்து வைத்ததன் விளைவு அது.

வாய்க்குள் தண்ணீர் நிற்கிறது. என்ன செய்யலாம்?

செய்யும்போதே வாயின் தளம் வெளிநோக்கிச் சாய வேண்டும், நாலு அங்குல ஆழத்துக்கு அரை அங்குலம் போதும். நாக்கின் அடியில் நுனிக்குச் சற்று உள்ளே சிறு பள்ளக்கோடு ஒன்று இழுத்துவிட்டால் நீர் அங்கேயே சொட்டி விழும், தாடை வழியாக வழிந்து கறை படியாது. ஏற்கனவே செய்ததென்றால் வாய்க்கோடியில் அரை அங்குலத் துளை போடுங்கள். இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பெருகும். கோபுரத்தின் மேல் இருக்கும் வாயை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

என்ன நிறம் பூசுவது?

கல் யாளிக்கு நிறம் வேண்டாம். சுதை யாளிக்கு உடல் மஞ்சளும் காவியும், பிடரி பச்சையோ நீலமோ, வாயின் உள்ளே சிவப்பு, கண் வெள்ளையில் கறுப்பு என்று நம் பக்கத்தில் வழக்கம். மகரத்துக்குப் பச்சை. கண்ணை எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதுங்கள். கண்மணி மேலிமையைத் தொட்டு, கீழே சற்று வெள்ளை தெரிந்தால் கீழே நிற்பவரைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கும். கோபுர உயரத்தில் கண்மணியைக் கீழிமையோடு சேர்த்து வைத்தால்தான் பார்வை அடியார்மேல் விழும்.

புதுச் சீமெந்தில் 28 நாள் கழியாமல் பெயின்ற் பூசினால் சுண்ணாம்புக் காரம் நிறத்தைத் தின்று, வெள்ளை பூத்து, செதிலாக உரியும். கும்பாபிஷேக நாளைக் குறித்துவிட்டு அவசரப்படுத்துவதால் இது அடிக்கடி நடக்கிறது. சபையினர் சுதை வேலை முடியும் நாளிலிருந்து ஒரு மாதம் தள்ளி நிறவேலையைத் திட்டமிட்டால் செலவு மிச்சமாகும்.

கணினி விளையாட்டுக்கு யாளி உருவம் செய்கிறோம். எதில் கவனிக்க வேண்டும்?

நடை சிங்கத்தினுடையது, தலை பாரமானது. கழுத்து மூட்டு ஒன்றே வைத்தால் தலை கதவுபோல ஆடும், குறைந்தது மூன்று வேண்டும். துதிக்கைக்கு எட்டு மூட்டுக்குக் குறைந்தால் வளைவு உடையும். எழுந்து நிற்கும் நிலையில் இடுப்பும் பின்கால் தொடையும் சேரும் இடத்தில் தோல் கிழியும். அங்கே தூண் யாளிகளில் ஆசாரிமார் ஒரு மணிமாலையோ பட்டையோ கட்டியிருப்பார்கள். அதையே நீங்களும் கட்டினால் குறை மறையும், உருவமும் மரபோடு நிற்கும்.

பழைய யாளி சிதைந்திருக்கிறது. இடித்துப் புதிதாகச் செய்வதா, திருத்துவதா?

உள்கம்பி பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தால் திருத்துங்கள். தட்டிப் பாருங்கள்: இறுக்கமான ஒலி வந்தால் சாந்து பிடித்திருக்கிறது, பொள்ளலாக ஒலித்தால் பூச்சு விலகிவிட்டது. சோக்கட்டியால் பொள்ளல் இடங்களை வட்டமிட்டு, அவற்றை மட்டும் எடுங்கள். எடுப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் பிடித்து, முகத்தின் அகலம், கண்ணிடை, தந்த நீளம் ஆகியவற்றை அளந்து எழுதி வையுங்கள். பழைய ஆசாரியின் கை எந்த யாளியிலும் கண்ணிமையிலும் மூக்குத்துளையிலும்தான் தெரியும். அந்த இரண்டும் நலமாக இருந்தால் அவற்றைத் தொடாமல், சுற்றியுள்ளதை மட்டும் கட்டுங்கள்.